பேஷன்ட் மட்டும்

…இருநூற்று அறுபத்தெட்டு, இருநூற்று அறுபத்தெட்டேதான், ராஜாத்தி சிஸ்டர் அதைச் சீட்டில் எழுதி, சீட்டை ஃபைலில் செருகி, ஃபைலைக் கதவுக்குள் நீட்டி, கதவையும் சாத்தியாச்சு, இனி என்ன செய்ய, விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு உட்கார வேண்டியதுதான், ஐம்பது வயசு மனுசன், காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறவன், கோயில் கமிட்டியில் எல்லாருக்கும் புத்தி சொல்கிறவன், ஆரோக்கியசெல்வம் என்று பெயர் வேறு, தேனியில் ஒரு ஆஸ்பத்திரி மாடியில் பச்சைப்பிள்ளை மாதிரி விரல் சப்பிக்கொண்டு… யார் நீட்டச் சொன்னது இந்த விரலை? சிஸ்டர் சொன்னது, சொன்னது வாஸ்தவம்தான், டோக்கன் நம்பரைக் கூப்பிட்டு, தலையைக்கூட நிமிர்த்தாமல், "விரலக் குடுங்க" என்றது, ஆனால் அது மகள் விரலை அல்லவா, மகள் கை கழுவப் போயிருந்தாள், "சீட்ட மட்டும் பிடிச்சிருங்கப்பா, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள், சீட்டை மட்டும் என்றால் சீட்டை மட்டும்தானே, கூடவே விரலையும் எதற்கு நீட்டணும்? நீட்டின விரலைப் பஞ்சால் ஒரு தடவு தடவி, நறுக்கென்று குத்தி, சர்க்கரை பார்க்கிற மிசினில் தொட்டு, இவாஞ்சலின், வயது பதினெட்டு என்று எழுதியிருந்த சீட்டில் செல்வத்தின் ரத்தத்தை ஏற்றிவிட்டது அந்த அம்மா. மீசை வைத்த இவாஞ்சலினா என்று ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? பார்க்காது. இந்த மாடியில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் இவன் வயசுக்காரர்கள், இவன் தொப்பைக்காரர்கள், பதினெட்டு வயசுப் பிள்ளை வந்து நின்றால்தான் இங்கே அதிசயம், ஏறி வந்ததுமே ஒருத்தர் மகளிடம் கேட்டாரே, அப்பாவுக்குத் துணைக்கு வந்தியாம்மா என்று.

அதுவரைக்கும் தமாஷ்தான், ஊரில் போய்ச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம், ஆனால் கை கழுவித் திரும்பின மகளை, இவன் விசயத்தைச் சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள், இப்போது உள்ளே என்ன நடக்கும்? டாக்டர் வைகுண்டராஜ் மகளை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார், ஃபைலைத் திறப்பார், இருநூற்று அறுபத்தெட்டைப் பார்ப்பார், என்னம்மா இப்படி வச்சிருக்க என்பார், இன்சுலினைக் கூட்டிப் போடு என்பார், பிள்ளையும் புது டாக்டராச்சே என்று தலையாட்டிவிட்டு வரும், கூட்டிப் போட்டால்? ஒரு யூனிட் கூடினாலே இவாஞ்சலினுக்கு உதட்டோரம் வேர்க்கும், கை நடுங்கும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும், நாலு யூனிட் கூடினால்… வேண்டாம், நினைக்க வேண்டாம், மாதாவே, நினைக்க வேண்டாம். அதுவும் அடுத்த வாரம் திருச்சி காலேஜ் ஹாஸ்டலில், பக்கத்துக் கட்டிலில் யார் பெற்ற பிள்ளையோ, அதற்கு இதெல்லாம் தெரியுமா, அசந்து தூங்குறா, தூங்கட்டும் என்று விட்டுவிட்டால்… எழுந்து போய்க் கதவைத் தட்டி, இது என் விரல் டாக்டர் என்று சொன்னால் முடிந்தது, அரை நிமிச வேலை. ஆனால் டாக்டர் முன்னால் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறானே, மாதா மேல் பண்ணியிருந்தால்கூடப் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிச் சரிக்கட்டலாம், பண்ணியது மகளிடம், காலையில், கம்பம் பஸ் ஸ்டாண்டில், அவள் கையில் அடித்து.

அந்தச் சத்தியத்துக்கும் காரணம் இந்த வாய்தான். போன தடவை கீழ்த்தளத்தில் குழந்தைகள் டாக்டர் ஜெபஷீலாவைக் கடைசியாகப் பார்த்தபோது, டாக்டரம்மா கேட்டதெல்லாம் இவாஞ்சலினிடம்தான், "ஸ்கூல்ல ஊசி போட்டுக்க எடம் இருக்கா?" இவன் சொன்னான், இருக்கு டாக்டர், "காலைல என்ன சாப்பிடுற?" இவன் சொன்னான், ரெண்டு இட்லி டாக்டர், நாலு வச்சாலும் ரெண்டுதான், "மாசாமாசம் சரியா வருதா?" இவன் சொன்னான், அதெல்லாம் டான்னு வந்துரும் டாக்டர்… சொல்லி முடித்த பிறகுதான் அந்த அறையில் மின்விசிறி ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு சுற்றுவதே காதில் விழுந்தது. டாக்டரம்மா குனிந்து மேசையில் எதையோ தேடினார்கள், மகள் சுவரில் வரைந்திருந்த ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தாள், இவன் தன் செருப்பைப் பார்த்தான். சின்னமனூர் தாண்டுகிறவரைக்கும் பஸ்ஸில் பேச்சில்லை, தாண்டின பிறகு வந்தது ஒரே வரி, "அப்பா, எனக்கு வாய் இருக்கு." வீட்டில் பெண்டாட்டி லூர்து மேரியிடம் சொன்னால், அவள் தலையில் அடித்துக்கொண்டாள், "ஊருக்கெல்லாம் வாயக் குடுத்த ஆண்டவரு அதுக்குக் கதவும் வச்சுக் குடுத்தாரு, உங்களுக்கு மட்டும் வெறும் நெலயோட விட்டுட்டாரு" என்று. என்ன செய்ய, அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகின வாய், ஏழு வயசில் பிள்ளைக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து, என்ன தின்றாள், எத்தனை யூனிட், எங்கே குத்தினது, வயிற்றிலா தொடையிலா, எல்லாம் இவன்தானே ஒப்பித்தான், பைபிளில்கூட அத்தனை வசனம் இவனுக்கு மனப்பாடம் இல்லை.

டாக்டரம்மாவைக் குறை சொல்ல முடியாது, ஒரு வருசமாகவே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், பதினெட்டு முடிந்தால் மாடிக்கு, பெரியவங்க டாக்டர்கிட்டப் போகணும் செல்வம், இப்பவே கொஞ்சம் கொஞ்சமா அவளைத் தனியா உள்ள அனுப்புங்க, அவளே பேசட்டும், அவளே டோஸ் சொல்லட்டும், நீங்க வெளிய இருங்க. இருந்தான், கதவில் காதை வைத்துக்கொண்டு. அதையும் ஒருநாள் கண்டுபிடித்து, காதைக் கொஞ்சம் தள்ளி வைங்க என்றார்கள். அவர்களிடம் இவன் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான், இவ தனியாச் சமாளிச்சுக்குவாளா டாக்டர்? அதற்கு மட்டும் நேரான பதில் வந்ததே கிடையாது, சிரிப்பார்கள், "அத அவட்டல்ல கேக்கணும்" என்பார்கள். பங்குச் சாமியாரிடம் கேட்டான், செபிப்போம் என்றார். லூர்து மேரியிடம் கேட்டான், அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள், போய்ப் பார்த்தால் அடுப்பே பற்றவைக்கவில்லை. மகளிடம் கேட்டானா? அதெப்படிக் கேட்க, கேட்டு அவள் தெரியலையேப்பா என்று சொல்லிவிட்டால் இவன் என்ன செய்வான், திருச்சி ஹாஸ்டல் வாசலில் கட்டிலைப் போட்டா படுக்க முடியும்? லேடீஸ் ஹாஸ்டல்.

கீழே என்றால் அது ஒரு தினுசு, சுவர் பூராவும் ஒட்டகச்சிவிங்கி, மீன்தொட்டி, தாயும் பிள்ளையும் இரைச்சலும், ஊசி போட்டுக்கொண்டால் ஸ்டிக்கர் தருவார்கள், வீட்டு பீரோ பூராவும் அந்த ஸ்டிக்கர்தான். இங்கே எதிர்ச் சுவரில் ஒரு கால், கால் என்றால் வெறும் கால், புண்ணு பிடித்த பெருவிரலோடு, அதற்குப் பக்கத்தில் ஒரு கண், அதற்குப் பக்கத்தில் ஒரு சிறுநீரகம், சர்க்கரையைக் கட்டுப்படுத்தாவிட்டால் என்று ஆரம்பித்துச் சிவப்பு எழுத்தில்… ஒரே ஒரு மாடிப்படி, ஒட்டகச்சிவிங்கியிலிருந்து ஏறினால் அழுகின கால், பதினெட்டு வயசு என்றால் இதுதானா? பிள்ளை அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்தது, இவன்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டான், திருப்பிக்கொண்டு அவளுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாதியைக் குடித்தான், இப்போது மீதியையும் குடித்தாயிற்று, வெயில், என்ன வெயில், மே மாசத்திலிருந்தே இப்படித்தான் வறட்சியாக இருக்கிறது நாக்கு.

விரல் ஏன் நீண்டது என்றால், அதற்கும் ஏழு வயசுக்குத்தான் போகணும். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது பிள்ளை, குச்சியாகப் போனது, தோட்டத்துத் திராட்சையைத் தின்றே வந்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள், அதெல்லாம் இல்லை, இது தின்று வருகிற வியாதி இல்லை என்று டாக்டரம்மா சொல்லித்தான் இவனுக்கு உயிர் வந்தது, அந்த வருசம் பழத்தைக் கையில் எடுக்கவே கூசியது, வியாபாரி வந்து ஒரு பழத்தை வாயில் போட்டு, நல்லா சீனி ஏறியிருக்கு என்று சொன்னபோது இவன் வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டான், வியாபாரி பயந்து விலையைக் கூட்டிக் கொடுத்தான். கோயிலில் பிள்ளை முதன்முதலாகப் புதுநன்மை வாங்கும்போது, கொடுக்கிற அப்பத்தில் எவ்வளவு மாவு இருக்கும் என்று சாமியாரிடமே போய்க் கேட்டான். ஆனால் பெரிய பாடு விரல் குத்துகிறதுதான், பேனா மாதிரி ஒன்று, அமுக்கினால் டிக் என்று ஊசி வந்து குத்திவிட்டு உள்ளே போகும், அதைக் கண்டதும் பிள்ளை கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும், அதனால் இவன் ஒரு வழி கண்டுபிடித்தான், முதல்ல அப்பாவுக்கு, பிறகு உனக்கு. இன்னொரு பேனாவை எடுத்து, விரலை நீட்டி, டிக், "ஆஆஆ யாத்தே" என்று வீடு அதிர ஒரு கத்துக் கத்தி, கண்ணைச் செருகி, நாக்கை வெளியே தள்ளிப் பாயில் விழுவான், பிள்ளை கட்டிலுக்கடியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்து விரலைக் கொடுக்கும். இவன் பேனாவில் ஊசி கிடையாது, காலிப் பேனா. அந்தக் களவாணித்தனம் ஆத்தாவுக்கும் பிள்ளைக்கும் தெரியாது. பன்னிரண்டு வயசில் அவளே பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள், ஆனால் விரல் என்று யாராவது சொன்னால் இவன் விரல் இன்னும் முந்திக்கொண்டு நீளுகிறது, இன்றைக்கு எதிர்ப்பக்கம் இருந்த பேனாவில் ஊசி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"என்ன மாப்ள, எம்புட்டு?" பக்கத்து நாற்காலிக்காரர். "எது எம்புட்டுண்ணே?" "சுகருதான். இங்கன பேரு ஊரு அப்பறந்தான், மொதல்ல எம்புட்டுன்னுதான் கேப்போம். நான் அழகுமலை, தேவதானப்பட்டி, நூத்தித் தொண்ணூறு." செல்வம் சொன்னான், எனக்கில்லைண்ணே, மகளுக்கு. "மகளுக்குப் பாத்தா ஒங்க விரல்ல ஏன் ரத்தம்?" பார்த்தால் விரல் நுனியில் இன்னொரு பொட்டு ரத்தம், துரோகி விரல். சொல்லிவிட்டான், சொன்னால்தான் மூச்சுவிட முடியும்போல இருந்தது, விரல் நீண்ட கதையை, இருநூற்று அறுபத்தெட்டை, கையில் அடித்த சத்தியத்தை. அழகுமலை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், சிரித்து முடித்து, சிரிப்பு இருந்த இடத்தில் வேறொரு முகத்தோடு, "சரி, இருநூத்தி அறுபத்தெட்டு யாரோடது?" என்றார். இதென்ன கேள்வி… "அது தேன் மிட்டாய்ண்ணே. பிள்ளைக்குச் சர்க்கரை கொறஞ்சா குடுக்கன்னு சட்டப்பையில வச்சிருப்பேன், இப்பல்லாம் அவளுக்குக் கொறயிறதே இல்ல, வீணாப் போகுதேன்னு வரும்போது பஸ்ஸுல ரெண்டு வாயில போட்டேன், விரல்ல பாகு ஒட்டியிருக்கும், அதத்தான் மிசினு காட்டியிருக்கு." "தெனமும் வீணாப் போகுமோ?" "தெனமும்னு இல்ல…" "அந்தப் பாட்டில் தண்ணி பூராவும் நீங்கதான குடிச்சீக?" "வெயிலுண்ணே." "ராத்திரி எந்திரிப்பீகளோ?" "தோட்டத்து மோட்டாரு போட எந்திரிப்பேன்." "மோட்டாருக்கு மட்டுந்தானா?" செல்வத்தின் கை இடுப்புக்குப் போனது. இடுப்பு பெல்ட் நினைவுக்கு வந்தது, போன மாதம் ஆணியைச் சுட்டுப் புதிதாக ஒரு ஓட்டை போட்டானே, உழைப்பால் உடம்பு இறங்குகிறது என்று லூர்து மேரியிடம் பெருமைகூட அடித்தானே… தண்ணீர், ராத்திரி எழுந்திருப்பது, இளைப்பு, இந்த மூன்றையும் எங்கேயோ வரிசையாகக் கேட்டிருக்கிறான், எங்கே, கீழேதான், ஒட்டகச்சிவிங்கி அறையில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. "அப்ப எனக்குச் சர்க்கரையாண்ணே?" "நான் என்ன டாக்டரா, சிஸ்டரக் கேளுங்க." கேட்டான். "டாக்டர்ட்டக் கேளுங்க சார்," என்றது ராஜாத்தி சிஸ்டர், அடுத்த விரலைத் துடைத்துக்கொண்டே. நல்ல ஆஸ்பத்திரி, கேள்வி மாத்திரம் டவுன் பஸ் மாதிரி எல்லா இடத்திலும் நின்று நின்று போகிறது.

அது கிடக்கட்டும், தன் கதை கிடக்கட்டும், உள்ளே பிள்ளை. இத்தனை நேரம் ஆகியிருக்கு, டாக்டர் எழுதியே முடித்திருப்பார். சத்தியத்தை மீறினால் என்ன ஆகும்? பேச மாட்டாள், சின்னமனூர் வரைக்கும் இல்லை, கம்பம் வரைக்கும், ஏன், கிறிஸ்துமஸ் வரைக்கும். மீறாவிட்டால்? அந்த உதட்டோர வேர்வை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, எழுந்திரு செல்வம், எழுந்துவிட்டான். "சார், பேஷன்ட் மட்டும்," என்றது சிஸ்டர். "நாந்தான் சிஸ்டர் பேஷன்ட்டு, இல்ல, நான் பேஷன்ட் இல்ல, ஆனா அந்த ரத்தம் நான்" என்று இவன் சொன்னது இவனுக்கே விளங்கவில்லை, சிஸ்டர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி மீசையைப் பார்த்தது, சீட்டு ஞாபகம் வந்ததோ என்னவோ வாயைப் பிளந்தது, அதற்குள் இவன் கை கதவைத் தட்ட ஓங்கியாச்சு, ஓங்கின கைக்கு நேராகக் கதவு தானாகத் திறந்தது. இவாஞ்சலின். கையில் அந்தச் சீட்டு.

"அப்பா, அந்தக் கைய நீட்டுங்க." நீட்டினான். பார்த்தாள். "நெனச்சேன்."

"ஆத்தா, சத்தியமா வாயத் தொறக்கல, அதனாலதான் இப்படி ஆயிருச்சு, தொறந்திருந்தா… டாக்டரு டோசக் கூட்டிட்டாரா?" எங்கே கூட்ட, கை கழுவின இடத்திலேயே அவள் தன் மிசினில் பார்த்துவிட்டாளாம், நூற்று முப்பத்தொன்று, டாக்டர் இருநூற்று அறுபத்தெட்டு என்று ஆரம்பித்ததும் சொன்னாளாம், இது என் ரத்தமில்ல டாக்டர், வெளிய ஒருத்தரு இருக்காக, அவுகளாத்தான் இருக்கும். டாக்டர் சிரித்தாராம். சிரித்துவிட்டு, அவரைக் கூப்பிடு என்றாராம். செல்வம் நாற்காலியில் விழுந்தான், மாதாவே, பிள்ளை தப்பித்தது, பிள்ளை தானாகத் தப்பித்தது, இவன் அங்கே இல்லாமலேயே, இவனிடமிருந்தே.

"கையக் கழுவிட்டு வாங்க. சோப்புப் போட்டு. தேன் மிட்டாய் தின்னீகள்ல?" "யாரு சொன்னா?" "சட்டப்பையில எறும்பு போகுது." கழுவிவிட்டு வந்தான். அவள் அவனுக்கென்று புது ஊசி ஒன்றைப் பேனாவில் மாட்டினாள், விரலைப் பிடித்தாள், இவன் கண்ணை மூடி, குத்துவதற்கு முன்னாலேயே, பழக்கதோசம், "ஆஆ யாத்தே" என்று ஆரம்பிக்க, "அப்பா, இதுல ஊசி இருக்கு" என்றாள். "எல்லாத்துலயும்தான இருக்கும்." "ஒங்க பேனாவுல இருந்ததில்லையே." கண்ணைத் திறந்தான். "எப்பருந்து தெரியும்?" "ரெண்டாங்கிளாஸ்லருந்து. நீங்க கத்துறது நல்லா இருந்துச்சு, அதான் சொல்லல." டிக். மிசின் யோசித்தது, அழகுமலை எட்டிப் பார்த்தார், சிஸ்டரும் பார்த்தது, இருநூற்று ஐம்பத்து நாலு. அழகுமலை சுவரில் இருந்த காலைப் பார்த்தார்.

"எனக்குச் சர்க்கரையாத்தா?"

"ஆமாப்பா. லேப்புல ரத்தம் குடுத்து உறுதிப்படுத்துவாக. ஆனா ஆமா."

சிஸ்டர் புதுச் சீட்டு ஒன்றில் ஆரோக்கியசெல்வம் என்று எழுதி, இந்த முறை மீசையை நன்றாகப் பார்த்துக்கொண்டு, உள்ளே போகச் சொன்னது. இவன் மகள் கையைப் பிடித்தான், நீயும் வாத்தா, "பேஷன்ட் மட்டும்" என்றது சிஸ்டர், இவாஞ்சலின் கையை விடுவித்துக்கொண்டு இவன் நாற்காலியில் உட்கார்ந்தாள், "ஒங்களுக்கும் பதினெட்டு முடிஞ்சிருச்சுல்ல?" கதவு வரைக்கும் போனவன் நின்றான், உள்ளே அவர் கேட்பாரே, காலையில் எத்தனை இட்லி என்று கேட்பாரே, மகளுக்கு இரண்டு, அது தெரியும், தனக்கு? யோசித்தான், யோசித்தான், தட்டில் வைத்ததைத் தின்றிருக்கிறான், எண்ணினதில்லை, ஒருநாள்கூட எண்ணினதில்லை… அவளுடைய பாடத்தையே இத்தனை வருசம் படித்துவிட்டு இப்போது தன் பரீட்சைக்கு வந்து நிற்கிறான், ஒரு பக்கம்கூடப் புரட்டாமல். திரும்பிப் பார்த்தான், காலித் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள், எதிரே அந்தக் கால் படம், அவள் அதைப் பார்க்கவில்லை, இவனைத்தான் பார்த்தாள். சரி, இனி வாயில் அடைத்து வைத்து என்ன ஆகப் போகிறது.

"ஆத்தா, அங்கன திருச்சியில, நான் இல்லாம, சமாளிச்சுக்குவியா?"

அவள் சிரிக்கவில்லை. செபிப்போம் என்று சொல்லவில்லை, பால் இருக்கிறது என்று எழுந்து போகவும் இல்லை. மடியிலிருந்த பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"சமாளிச்சுக்குவேன்ப்பா. நடுவுல சொதப்புவேன். சொதப்புனா நானே சரி பண்ணிக்குவேன், முடியலைன்னா ஒங்களுக்குப் போன் போடுவேன். நான் போடுறவரைக்கும் நீங்க போடாதீக. போங்க, டாக்டரு காத்திருக்காரு."